இரண்டு கவர்னர்களின் ராஜ்யம்: பிரான்சிஸ் பியர்பாண்ட்டின் சரித்திரம்

உள்நாட்டு யுத்தம் மூண்ட தேசத்தில் சண்டை போர்க்களத்தில் மாத்திரம் நடப்பதன்று. வரி வசூலிக்கும் கச்சேரியிலும், நியாயஸ்தலத்திலும், கிராமத்துக் குடியானவனின் வாயிற்படியிலும் அது நடக்கிறது. ஒரு சர்க்காரின் சேவகனுக்கு வரி செலுத்தி ரசீது பெற்றவனிடம், மறு மாதமே வேறொரு சர்க்காரின் சேவகன் வந்து நிற்கிறான். இருவரும் ஒரே ராஜ்யத்தின் பெயரைச் சொல்லுகின்றனர். இருவர் கையிலும் முத்திரையிட்ட காகிதம் உண்டு. எந்தக் காகிதம் சட்டம், எது வெறுங்காகிதம்? 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் லக்ஷக்கணக்கான ஜனங்களை இந்தக் கேள்வி வாட்டியது. அதற்கு விடை காண முயன்று, அம்முயற்சியிலேயே தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட ஒரு வக்கீலின் சரித்திரத்தை இன்று நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

லிங்கனை அறியாதார் நம்மில் இலர். பிரான்சிஸ் ஹாரிஸன் பியர்பாண்ட்டின் பெயர் அவ்வளவு தூரம் பரவவில்லை. ஆயினும் அவர் நாட்டில், மேற்கு வர்ஜீனியாவின் தந்தை என்று அவரைச் சொல்லுவது வழக்கம். அந்தப் பட்டம் முற்றிலும் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

பியர்பாண்ட் 1814-ம் ஆண்டு ஜனவரி 25 அன்று வர்ஜீனியா ராஜ்யத்தின் வடமேற்கு மூலையில், மார்கன்டவுன் அருகில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலினர். மகனும் இளமையில் அத்தொழிலில் உழைத்தவர். உயர்தரப் படிப்புக்காகப் பென்ஸில்வேனியாவிலுள்ள அலெகனி கலாசாலைக்கு அவர் நடந்தே சென்றார். பட்டம் பெற்றுச் சிறிது காலம் உபாத்தியாயராக இருந்தபின் சட்டம் பயின்று, பேர்மாண்ட் என்னும் ஊரில் வக்கீலாக அமர்ந்தார். பால்டிமோர் ஒஹையோ ரயில்வே கம்பெனிக்கு வக்கீலாக இருந்தார்; நிலக்கரி வியாபாரமும் செய்தார். அவ்வூரின் ரயிலும் நிலக்கரியும் வடக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் சென்றனவேயன்றி, ராஜ்யத்தின் தலைநகரான ரிச்மண்டை நோக்கிச் செல்லவில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அக்காலத்து வர்ஜீனியா பெயரளவில் ஒன்றாயினும் உள்ளத்தில் இரண்டாயிருந்தது. மலைத்தொடருக்குக் கிழக்கே புகையிலைத் தோட்டங்களும், அவற்றில் உழைத்த அடிமைகளும், அவ்வடிமைகளை உடைமையாகக் கொண்ட பிரபுக்களும். மேற்கே சிறு குடியானவர்களும், சுரங்கக்காரர்களும், நகரங்களில் தொழிலாளர்களும். 1851-ம் ஆண்டு அரசியல் சட்டம் மேற்கத்தியாருக்குச் சில சலுகைகள் தந்தது உண்மையே. ஆனால் வரி விதிப்பில் செய்த அநியாயத்தைப் பாருங்கள்: மேற்கத்தியானின் மாடும் நிலமும் முழு மதிப்புக்கு வரி செலுத்தவேண்டும். கிழக்கத்தியானின் அடிமையோ, பன்னிரண்டு வயதுக்குட்பட்டிருந்தால் வரியே இல்லை. மேற்பட்டிருந்தால், சந்தையில் ஆயிரம் டாலருக்கு விலைபோனாலும், 300 டாலர் மதிப்புக்கே வரி. மனிதனைச் சொத்தாக்கியது முதற் பாவம். அந்தச் சொத்துக்கும் உரிய வரியைக் கொடாதது அதன்மேல் ஏறிய கணக்கு மோசடி.

1860 நவம்பரில் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தென் ராஜ்யங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஐக்கியத்தைவிட்டு விலகித் தமக்கெனத் தனிக் கூட்டாட்சி அமைத்துக்கொண்டன. வர்ஜீனியா சில மாதங்கள் தயங்கியது. 1861 ஏப்ரல் 17 அன்று ரிச்மண்டில் கூடியிருந்த மகாநாடு 88 வாக்குகளுக்கு 55 என்ற கணக்கில் விலகத் தீர்மானித்தது. ஜனங்களின் சம்மதத்தை மே 23 அன்றுதான் கேட்பதாக ஏற்பாடு. ஆனால் அதற்கு முன்னரே ராஜ்யத்தின் படைகள் ஐக்கியத்துக்கு எதிராக நகரத் தொடங்கிவிட்டன. அப்பொழுது கவர்னராக இருந்தவர் ஜான் லெட்சர். இவரைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 1847-ல், மேற்கு வர்ஜீனியாவில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கவேண்டுமென்று வெளிவந்த ஒரு பிரசுரத்துக்கு ஆதரவு தந்தவர் இவர். பதவி ஆசை வந்தபின் அதை மறுதலித்தவரும் இவரே. 1859-ல் இவரைக் கவர்னராக்கியதில் மேற்கத்தியாரின் வாக்குகளுக்குப் பெரும் பங்குண்டு. வாக்களித்தவர்கள் வேறு பாதையில் செல்ல நேர்ந்தபோது அவர் ரிச்மண்டிலேயே தங்கிவிட்டார்.

மேற்கத்தியார் ஒஹையோ நதிக்கரையிலுள்ள வீலிங் நகரில் மே 13 அன்று கூடினர். கோபம் மிகுந்திருந்தது, ஒரே நாளில் தனி ராஜ்யம் பிரகடனம் செய்துவிட வேண்டுமென்று ஜான் கார்லைல் என்பவர் வாதித்தார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. பியர்பாண்ட்டும் வெயிட்மன் வில்லியும் வேறு சிலரும் அதைத் தடுத்தனர். ஓர் ராஜ்யத்தின் எல்லைக்குள் புதிய ராஜ்யம் அமைக்க அந்த ராஜ்யத்தின் சட்டசபை சம்மதிக்கவேண்டும் என்று அமெரிக்க அரசியல் சட்டம் கூறுகிறது. ரிச்மண்ட் சட்டசபை சம்மதிக்குமா? ஒருபோதுமில்லை. சம்மதமின்றிப் பிரிந்தால், ஐக்கியத்தைச் சட்டவிரோதமாக உடைத்த தென்னவருக்கும் தமக்கும் என்ன வித்தியாசம்?

இவ்விடத்தில் பியர்பாண்ட்டின் வக்கீல் மூளை வேலை செய்தது. ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் குடியரசு முறை சர்க்காரை ஐக்கியம் உத்தரவாதம் செய்கிறது என்பது அதே அரசியல் சட்டத்தின் நாலாவது பிரிவு. ஐக்கியத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்துவிட்டு அதற்கு எதிராகப் படை திரட்டிய ரிச்மண்ட் அதிகாரிகள் தங்கள் பதவிகளைத் தாங்களே காலிசெய்துவிட்டார்கள். வர்ஜீனியா ராஜ்யம் அழியவில்லை; அதன் நாற்காலிகள் மாத்திரமே காலியாக இருக்கின்றன. விசுவாசமுள்ள ஜனங்கள் அவற்றை நிரப்பிக்கொள்ளலாம். ஆகவே புதிய ராஜ்யம் வேண்டாம். பழைய ராஜ்யத்தையே நாம் மீட்டு நடத்துவோம். இதுவே அவருடைய வாதம்.

அதற்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. 1842-ல் ரோட் ஐலண்ட் என்னும் சிறிய ராஜ்யத்தில் தாமஸ் டார் என்பவர் போட்டிச் சர்க்கார் அமைத்தார். அவ்வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்று, 1849-ல் தீர்ப்பாயிற்று. இரண்டு சர்க்கார்களில் எது உண்மையானது என்று நியாயஸ்தலம் தீர்மானிக்க முடியாது. அது காங்கிரஸ் மகாசபையும் ஜனாதிபதியும் முடிவு செய்யவேண்டிய ராஜீய விஷயம் என்று நீதிபதிகள் கையைக் கழுவிவிட்டனர். நீதிபதிகள் கைகழுவிய இடத்தில் பியர்பாண்ட் கால் ஊன்றினார். வாஷிங்டன் ஏற்றுக்கொண்டால் போதும், வீலிங்கே வர்ஜீனியா.

ஜூன் 11 அன்று இரண்டாவது மகாநாடு கூடியது. 20 அன்று பியர்பாண்ட் ஏகமனதாகக் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சில தினங்களுக்குள் லிங்கனின் சர்க்கார் அவரை அங்கீகரித்தது. ஜூலையில் கூடிய சட்டசபை கார்லைலையும் வில்லியையும் செனட் சபைக்குத் தேர்ந்தனுப்பியது. செனட் அவர்களை ஏற்று அமர்த்தியது.

கேட்பதற்கு எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோல் தோன்றும். உண்மையில் அந்தக் கவர்னரின் ஆட்சி வீலிங் சுங்கக் கட்டடத்தில் ஓர் அறையில், ஒரு மேஜை, கொஞ்சம் காகிதம், பேனா, மை ஆகியவற்றுடன் ஆரம்பமாயிற்று. கஜானா என்று ஒன்று இல்லை. பியர்பாண்ட்டும் பீட்டர் வான் விங்கிள் என்பவரும் தங்கள் சொந்தப் பொறுப்பில் கையொப்பமிட்டு, வீலிங் பாங்கிகளில் 10,000 டாலர் கடன் வாங்கினர். வெஸ்டன் நகரப் பாங்கியில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி கட்டுவதற்காக ராஜ்யத்தின் பணம் சுமார் 27,000 டாலர் தங்கமாக இருந்தது. ரிச்மண்ட் அதைக் கேட்பதற்குள் ஒஹையோ துருப்புகள் சென்று கைப்பற்றி வீலிங்குக்குக் கொண்டுவந்தன. ஒரு சர்க்காரின் ஆஸ்தி மற்றொரு சர்க்காரின் கைக்கு மாறிய விதம் இதுதான். சட்டத்தின் பாஷையில் அது மீட்சி. ரிச்மண்டின் பாஷையில் கொள்ளை.

ஒஹையோ துருப்புகள் என்றோம். அதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. மே மாத இறுதியிலேயே ஜெனரல் மக்லெல்லனின் படை நதியைக் கடந்துவிட்டது. அந்தப் படை இல்லாவிடில் வீலிங் மகாநாடு நிம்மதியாகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்க முடியாது. பியர்பாண்ட்டைக் கவர்னராக்கியது அந்த மகாநாடேயன்றி, ராஜ்யம் முழுவதிலும் நடந்த தேர்தலன்று. வர்ஜீனியாவின் பெரும்பான்மையான வாக்காளர்கள் அப்பொழுது ரிச்மண்டின் பக்கம் இருந்தனர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ரிச்மண்ட் பேசிய பெரும்பான்மையில், ராஜ்யத்தின் ஜனத்தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக இருந்த அடிமைகளின் வாக்கு ஒன்றாவது சேர்ந்ததுண்டா? எண்ணாமல் விடப்பட்டவர்கள் இரு பக்கத்திலும் இருந்தனர்.

மற்ற இரண்டு ராஜ்யங்களையும் நோக்கினால் பியர்பாண்ட்டின் நிலை இன்னும் தெளிவாகும். மிஸ்ஸூரியில் தென்னவர் பக்ஷத்துக் கவர்னர் கிளெய்போர்ன் ஜாக்ஸன் தலைநகரைவிட்டு ஓடினார். அங்குள்ள மகாநாடு ஹாமில்டன் கேம்பிளைக் கவர்னராக நியமித்தது. ஜாக்ஸன் 1862 டிஸம்பரில் அயலூரில் மாண்டார். அவருக்குப் பின் வந்த ரெனால்ட்ஸ், டெக்ஸாஸிலுள்ள மார்ஷல் என்னும் ஊரில் இருந்துகொண்டு, காண முடியாத மிஸ்ஸூரியை ஆண்டார். கென்டக்கியில் தென்னவர் ஏற்படுத்திய கவர்னர் ஜார்ஜ் ஜான்ஸன் 1862 ஏப்ரலில் ஷைலோ போர்க்களத்தில் காயமுற்று இறந்தார். அவருக்கு அடுத்த ஹாஸ் அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று பிராங்க்போர்ட்டில் பதவி ஏற்ற அன்றே, ஐக்கியப் படைகள் நெருங்கிவிட்டமையால் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. பீரங்கி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரமே இந்தச் சர்க்கார்களின் எல்லை.

வீலிங் சர்க்காரின் முதற் காரியம், தன்னைத் தானே இரண்டாக வெட்டிக்கொள்ளச் சம்மதிப்பது. 1861 அக்டோபர் 24 அன்று மேற்கு ஜில்லாக்களில் தனி ராஜ்யத்துக்கு ஆதரவாக 18,408 வாக்குகளும் எதிராக 781 வாக்குகளும் விழுந்தன. எதிர்த்தோர் பலர் வாக்குச் சாவடிக்கே வரவில்லை. 1862 மே 13 அன்று வர்ஜீனியா சட்டசபை என்ற பெயரில் பியர்பாண்ட்டின் சட்டசபை பிரிவினைக்குச் சம்மதித்தது. பிரிய விரும்பியவர்களும் பிரியச் சம்மதித்தவர்களும் பெரும்பாலும் ஒரே மனிதர்கள்! வக்கீல் தொழிலில் பழகிய நமக்கே இதைப் படிக்கும்போது புன்னகை வராமலில்லை. இதில் ஒரு வேடிக்கை: முன்பு அவசரப்பட்ட கார்லைலே செனட் சபையில் இந்த மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார்.

மசோதா இரண்டு சபைகளிலும் நிறைவேறி லிங்கனின் மேஜைக்கு வந்தது. அவர் தம் மந்திரிகளின் அபிப்பிராயத்தை எழுத்து மூலம் கேட்டார். ஸூவர்ட், சேஸ், ஸ்டான்டன் மூவரும் கையொப்பமிடலாம் என்றனர். பேட்ஸ், வெல்ஸ், பிளேர் மூவரும் கூடாது என்றனர். ஒரு ராஜ்யத்தின் சிறு துண்டு அந்த ராஜ்யம் முழுவதுக்கும் சம்மதம் தரமுடியாது என்பது அட்டர்னி ஜெனரல் பேட்ஸின் வாதம். கையொப்பமிடாவிடில் ஐக்கிய பக்ஷத்தார் மனமுடைந்து போவார்கள் என்று பியர்பாண்ட் தந்தி கொடுத்தார். வாக்களிக்க வராதவரை வந்தவரோடு சமமாக எண்ண முடியாது. அரசியல் சட்டத்துக்கு விரோதமாகப் பிரிவது வேறு, அதற்கு அநுகூலமாகப் பிரிவது வேறு என்று லிங்கன் முடிவு கட்டி, 1862 டிஸம்பர் 31 அன்று கையொப்பமிட்டார். அடிமைகளைப் படிப்படியாக விடுதலை செய்வது என்ற நிபந்தனையுடன், 1863 ஜூன் 20 அன்று மேற்கு வர்ஜீனியா பிறந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்னதாக, ஏப்ரல் 29 அன்று, தென்னவரின் குதிரைப்படை ஜெனரல் ஜோன்ஸின் தலைமையில் பேர்மாண்ட்டுக்குள் புகுந்தது. ரயில்வே பாலத்தைத் தகர்த்தது. கவர்னரின் புத்தகசாலையைத் தேடி எடுத்துத் தீயிட்டது. ஓராண்டு கழித்து ஐக்கியப் படை லெக்ஸிங்டனில் லெட்சரின் வீட்டைக் கொளுத்தியது. ஒரே ராஜ்யத்தின் இரண்டு கவர்னர்களும் இவ்வாறு சாம்பலில் சமமாயினர்.

இனி பியர்பாண்ட் செய்தது பலருக்கு விளங்காத காரியம். புதிய ராஜ்யத்தில் அவர் ஊர் இருந்தது, உற்றார் இருந்தனர், கவர்னர் பதவியும் கேட்டால் கிடைத்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். அதை ஆர்தர் போர்மன் ஏற்றார். பியர்பாண்ட்டோ, வெட்டிப் போக மிஞ்சிய வர்ஜீனியாவின் கவர்னராகவே தொடர்ந்து, தலைநகரை அலெக்ஸாந்திரியாவுக்கு மாற்றினார். வாஷிங்டனுக்கு எதிர்க்கரையிலுள்ள சில ஜில்லாக்கள், நார்போக், போர்ட்ஸ்மவுத், கிழக்குக் கடற்கரையின் இரண்டு ஜில்லாக்கள் ஆகியவையே அவருடைய பூமி. அதுவும் ஐக்கியப் படை நிற்கும் வரையில். சட்டசபை உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பரிகாசம் செய்யாத பத்திரிகை இல்லை. ஆனால் அவர் அந்த இடத்தைவிட்டுப் போயிருந்தால், வர்ஜீனியா சம்மதித்தது என்ற வாதம் மறுநாளே பொய்யாகியிருக்கும். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பதினேழே பிரதிநிதிகள் அலெக்ஸாந்திரியாவில் கூடிப் புதிய அரசியல் சட்டம் வகுத்தனர். வர்ஜீனியாவின் அடிமை முறையை அச்சட்டம் ஒழித்தது. அவ்வூர் அடிமை வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் என்பதை அறிந்தவர்கள் அந்தப் பதினேழு பேரைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

பியர்பாண்ட்டுக்கு வந்த பெரிய விரோதி ரிச்மண்டிலிருந்து வரவில்லை. அவரைக் காத்து நின்ற படையிலிருந்தே வந்தார். ஜெனரல் பெஞ்சமின் பட்லர் நார்போக் பிரதேசத்தின் சேனாதிபதியாக 1863 இறுதியில் வந்து சேர்ந்தார். வரி, மது வியாபாரம், நகர நிர்வாகம் எல்லாம் தம் உத்தரவுப்படி நடக்கவேண்டும் என்றார். சிவில் சர்க்கார் என்று ஒன்று அங்கிருப்பதையே அவர் அலக்ஷியம் செய்தார். பியர்பாண்ட் அஞ்சவில்லை. ஜனாதிபதிக்கும் காங்கிரஸ் மகாசபைக்கும் நீண்ட முறையீடு ஒன்று எழுதி அச்சிட்டு வெளியிட்டார். பட்லர் 1864 ஜூனில் நார்போக்கில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, சிலரே வாக்களித்த அதைக்கொண்டு சிவில் நிர்வாகத்தை நிறுத்திவைத்தார். லிங்கன் இருவரையும் சமாதானப்படுத்த முயன்றாரேயன்றிப் பட்லரைத் துணிந்து அடக்கவில்லை. துப்பாக்கியின் நிழலில் பிறந்த சர்க்கார், அதே துப்பாக்கியைப் பார்த்து நீ சட்டத்துக்குக் கீழே நில் என்று சொல்லியது. சொல்லத் துணிந்ததே அந்த மனிதரின் பெருமை என்று நாம் கருதுகிறோம், பலன் கிட்டவில்லை.

1865 ஏப்ரலில் ரிச்மண்ட் வீழ்ந்தது. லெட்சருக்குப் பின் கவர்னராயிருந்த வில்லியம் ஸ்மித் தப்பி ஓடினார். அப்பொழுது லிங்கன் செய்த காரியம் பியர்பாண்ட்டைத் திடுக்கிடச் செய்திருக்கவேண்டும். தென்னவரின் சட்டசபையாக இயங்கியவர்கள் ரிச்மண்டில் கூடி, வர்ஜீனியாத் துருப்புகளைப் போரிலிருந்து திரும்ப அழைக்கலாம் என்று ஏப்ரல் 6 அன்று அவர் அநுமதி தந்தார். நான்காண்டுகள் இல்லாததாகப் பாவித்த சட்டசபைக்கு ஒரு கடிதத்தால் உயிர் வந்துவிட்டது! ஏப்ரல் 9 அன்று ஜெனரல் லீ சரணடைந்துவிட்டமையால் அதற்குத் தேவை இல்லாமற் போயிற்று; பியர்பாண்ட் 10 அன்று லிங்கனைச் சந்தித்தார்; 12 அன்று அநுமதி ரத்தாயிற்று. மூன்று நாளில் லிங்கன் மாண்டார். புதிய ஜனாதிபதி ஜான்ஸன் மே 9 அன்று பியர்பாண்ட்டை வர்ஜீனியா முழுவதுக்கும் கவர்னராக அங்கீகரித்தார். 26 அன்று, பாதி எரிந்துகிடந்த ரிச்மண்டுக்குள் அவர் பிரவேசித்தார்.

அதன்பின் அவர் நடந்த வழியை நாம் முழுமனத்தோடு புகழ முடியாது. தோற்றவரை அணைத்துக்கொண்டால் ராஜ்யம் மீண்டும் ஒன்றாகும் என்று அவர் நம்பினார். தென்னவர் பக்ஷத்தில் நின்றவர்களுக்கு வாக்குரிமை திரும்பக் கிடைக்க வழி செய்தார். மன்னிப்புகளுக்குத் தாராளமாகப் பரிந்துரைத்தார். விடுதலை பெற்ற கறுப்பர்களுக்கு அப்பொழுதே வாக்குரிமை கிடைக்க அவர் வழி செய்யவில்லை. பலன் என்ன? அக்டோபர் தேர்தலில் பழைய எஜமானர்களே சட்டசபையை நிரப்பினர். மேற்கு வர்ஜீனியாவுக்கு ஜில்லாக்களை விட்டுக்கொடுத்த சம்மதத்தை டிஸம்பரில் ரத்து செய்தனர். 1866 ஜனவரியில் நாடோடிச் சட்டம் ஒன்று இயற்றி, வேலையற்ற கறுப்பர்களைப் பிடித்துக் கட்டாய வேலைக்கு அனுப்ப வழி தேடினர். அதைத் தடுத்து நிறுத்தியது கவர்னரன்று. சேனாதிபதி டெர்ரியின் உத்தரவு. அரசியல் சட்டத்தின் பதினாலாவது திருத்தத்தை ஏற்கும்படி பியர்பாண்ட் சட்டசபையை வேண்டினார். 1867 ஜனவரியில் ஏறக்குறைய ஏகமனதாக அதை நிராகரித்தனர். அவர் அணைத்துக்கொண்டவர்கள் அவரை அணைக்கவில்லை. அவருடைய தயாளத்துக்கு உரிய விலையைச் செலுத்தியவர்கள் நேற்றுவரை அடிமைகளாயிருந்தவர்கள்.

காங்கிரஸ் மகாசபை பொறுமை இழந்தது. 1867 மார்ச் 2 அன்று நிறைவேறிய சட்டத்தால் வர்ஜீனியா முதலாவது ராணுவ ஜில்லாவாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று ஜெனரல் ஸ்கோபீல்ட் பியர்பாண்ட்டை நீக்கி ஹென்ரி வெல்ஸை நியமித்தார். வாஷிங்டனின் அங்கீகாரத்தால் வந்த பதவி, வாஷிங்டனின் சேனாதிபதியால் போயிற்று. ஏழாண்டு வழக்காடியவர் பேர்மாண்ட்டுக்குத் திரும்பினார். மேற்கு வர்ஜீனியா சட்டசபையில் ஒரு தவணை இருந்தார். பின்னர் உள்நாட்டு வரி வசூல் அதிகாரியாகச் சிறிது காலம் உழைத்தார்.

அவருடைய வாதத்துக்கு முடிவான வெற்றி 1871-ல் வந்தது. பெர்க்லி, ஜெபர்ஸன் ஆகிய இரண்டு ஜில்லாக்களைத் திருப்பித் தரவேண்டுமென்று வர்ஜீனியா தொடுத்த வழக்கில், பியர்பாண்ட் சர்க்காரின் சம்மதத்தை ஆதாரமாகக் கொண்டு சுப்ரீம் கோர்ட் மேற்கு வர்ஜீனியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சுங்கக் கட்டடத்து அறையில் எழுதிய காகிதம் சட்டமென்று முத்திரை பெற்றது. பழைய கடனில் பங்கு கேட்டு வர்ஜீனியா தொடர்ந்த இன்னொரு வழக்கு நெடுங்காலம் நடந்து, 1915-ல் ஒரு கோடியே இருபது லக்ஷம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்குத் தீர்ப்பாயிற்று. 1939-ல்தான் அது தீர்ந்தது.

பியர்பாண்ட் 1899 மார்ச் 24 அன்று பிட்ஸ்பர்க்கில் தம் மகள் வீட்டில் காலமானார். உடல் பேர்மாண்ட்டில் அடக்கமாயிற்று. வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் மாளிகையில் ஒவ்வொரு ராஜ்யமும் இரண்டு சிலைகள் வைக்க உரிமை உண்டு. வர்ஜீனியா 1909-ல் ஜெனரல் லீயின் சிலையை வைத்து, 2020-ல் அதை அகற்றியது. பியர்பாண்ட்டின் சிலையை 1910-ல் அங்கே வைத்தது, அவர் ஒருநாளும் கவர்னராக இராத மேற்கு வர்ஜீனியா.